பதினோராவது சுற்று

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு பல்செட்டைக் கெடுத்தேன். மெழுகில் பற்களை அடுக்கும்போது கடைவாய்ப் பற்களை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடமாகப் பல் கட்டுகிறவன் செய்கிற தப்பா இது? டாக்டர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு ஃபோனில் சிரித்தார். "லீவு வேணும்னா கேளுங்க சார், பேஷண்ட் வாயில காட்டாதீங்க." நானும் சிரித்து வைத்தேன்.

நண்பன் ஆமை இறந்து இன்றோடு முப்பது நாள்.

ஊருக்கு அவன் பஸ் டிரைவர். சைக்கிள்காரன்கூட முந்திப் போகிற மாதிரி உருட்டுவான். ஆமை என்று பேர் வைத்ததே பயணிகள்தான். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் அவனை அவர்களில் ஒருவராவது பார்த்திருக்க வேண்டும். பழைய கார் ஒன்றை நாங்கள் இரண்டு பேருமாகப் பிரித்துப் பூட்டினோம். அவன் ஓட்டுவான். நான் சுவரோரம் நின்று ஸ்டாப்வாட்சில் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்து, அவன் கடக்கும்போது பலகை காட்டுவேன். பத்தொன்பது வருடம் இதுதான் எங்கள் ஞாயிறு.

மார்ச் 5

ஸ்டாப்வாட்சின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், கூடப் பிறந்தவள் மாதிரி. டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? நெஞ்சுவலி வந்து அஞ்சாறு நிமிஷமாவது இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியலம்மா. நல்லாத்தான் ஓட்டிக்கிட்டிருந்தான். திடீர்னு..."

குடிக்காமல் எழுந்தால் சந்தேகம் வரும் என்று டீயை மடக்கென்று விழுங்கினேன். பொய் சொன்ன அதே வாயால். சீ, நான் எல்லாம் ஒரு ஆள்.

மார்ச் 9, திங்கள்

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

அன்று பன்னிரண்டு சுற்றுப் பந்தயம். எட்டாவது வரைக்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு நிமிடம் இருபத்து நான்கு வினாடி, நூல் பிடித்த மாதிரி. ஒன்பதாவது, இருபத்தேழு. பத்தாவது, முப்பத்தொன்று. என் கையால்தான் குறித்தேன். அவன் மூன்றாம் இடத்தில் இருந்தான். இத்தனை வருடத்தில் எங்களுக்கு ஒரு கோப்பை கிடைத்ததில்லை. நான்காவது வண்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்களிடம் இரண்டே பலகைகள். 'போ' என்றால் இன்னும் மிதி. 'வா' என்றால் உள்ளே வந்து நிறுத்து. வெளிமாநிலக் குழுக்காரர்களுக்கு நம் எழுத்து புரியாது என்று அவன் செய்த ஏற்பாடு.

வண்டிச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் கோளாறு ஆளிடம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எனக்கு வந்தது எரிச்சல் — பஸ் புத்தி வந்துவிட்டது இவனுக்கு என்று. 'போ' காட்டினேன். ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினான். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். போனான். பதினோராவது, முப்பத்தாறு. மறுபடியும் 'போ'. இந்தத் தடவை விரல் தூக்கவில்லை. கடைசிச் சுற்றில் வண்டி எதிலும் இடிக்காமல் புல்தரையில் ஏறி மெதுவாக நின்றது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன்.

நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்தான்டா. நான் ஒருத்தன்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஆமையின் மகள் என் பல் லேபுக்கு வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. ரேஸ் ஓட்ட அப்பாவிடமே கற்றுக்கொண்டவள்.

"மாமா, அப்பா வண்டிய நான் ஓட்டப் போறேன். அம்மா விடமாட்டேங்கறாங்க, அது வேற கதை. அப்பாவோட நேரத் தாளெல்லாம் குடுங்க."

கட்டோடு கொடுத்தேன். நின்ற இடத்திலேயே புரட்டிப் பார்த்தாள்.

"கடைசி ரேஸ் தாள் இல்லையே மாமா?"

"தேடிப் பாக்கறேம்மா."

அது என் சட்டைப் பையில் இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தாளை அவன் மனைவி முன்னால் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஒன்பதில் நின்றாள். அப்புறம் பத்து. பதினொன்று.

"இதுக்கு நீங்க என்ன காட்டினீங்க?"

"போ. பத்துக்கும், பதினொண்ணுக்கும்."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமாம்மா."

கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். "ஒரு எழுத்துதானே அண்ணா" என்றாள். "'வா'ன்னு." எழுந்து உள்ளே போய்விட்டாள். அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மகள்தான் வந்து, "கிளம்புங்க மாமா" என்றாள்.

ஏப்ரல் 2

அவன் மனைவிக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. எடுப்பாள் என்று எந்த முகத்தோடு நினைத்தேன்?

ஏப்ரல் 11, சனி

இன்று அவன் மேல் கோபம். உனக்கு வாய் இல்லையாடா? வலித்தால் நிறுத்த வேண்டியதுதானே? பலகை சொன்னால்தான் நிற்பாயா?

ஆமாம், அப்படித்தான் நிற்பான். பேசி வைத்ததே நாங்கள்தான். உள்ளே இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, வெளியே நிற்கிறவன் சொன்னால் மறு பேச்சு இல்லாமல் கேட்க வேண்டும். நான் போட்ட சட்டம் இது. அவன் கேட்டான்.

மே 6, புதன்

ஆமையின் மனைவியே லேபுக்கு வந்தாள். நாற்காலியை நகர்த்திப் போட்டேன், உட்காரவில்லை.

"ஓட்டியே தீருவேங்கறா. அப்பா பிடிவாதம் அப்படியே. கட்டிப் போடவா முடியும்? பலகைய நீங்க பிடிங்க."

"நானா? என்னை நம்பி எப்படிம்மா..."

"நம்பிக்கையெல்லாம் இல்ல. உங்கள நான் மன்னிக்கவும் இல்ல. ஆனா வேற யாரு நின்னாலும் ஜெயிக்கிறதத்தான் பாப்பாங்க. இனிமே நீங்க அதப் பாக்கமாட்டீங்க."

அண்ணா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

ஜூன் 14, ஞாயிறு

மகளுக்கு முதல் பந்தயம். அவள் அம்மா சுவரோரம் என் பக்கத்திலேயே நின்றாள்.

ஆறு சுற்றும் ஒரு நிமிடம் இருபத்தாறு. ஏழாவது, இருபத்தெட்டு. இரண்டே வினாடி. அவள் இரண்டாம் இடத்தில் இருந்தாள். 'வா' காட்டினேன்.

வந்து நிறுத்தினாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வீசினாள். "பைத்தியமா மாமா உங்களுக்கு? ஒரு ரவுண்டு பின்தங்கினவன் என் முன்னாடி வளைவுல வழுக்கி நின்னுட்டான், அதான் பிரேக் அடிச்சேன்! செகண்ட்ல இருந்தேன் மாமா! எல்லாம் போச்சு!"

பக்கத்துக் குழுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முகம் சிவந்து, கையை ஆட்டி ஆட்டி, மூச்சு வாங்கத் திட்டினாள். அவள் அம்மா தடுக்கவில்லை. எனக்கு, இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று இருந்தது.