வேலு அண்ணன் அனுப்பிய ஐரிஸ்

1966, ஜன. 4. சிதம்பரம்.
பனி. மத்தியானம் வரை தாவரவியல் லேபில் ஸ்லைடு கழுவும் வேலை.

வேலு அண்ணன் காஷ்மீரிலிருந்து அனுப்பிய மூன்று கிழங்கில் இரண்டு தொட்டியிலேயே அழுகிவிட்டன. பாக்கி ஒன்று. பூண்டு அளவு. மேலே வலை பின்னிய மாதிரி நார்த்தோல். கூட வந்த கடிதத்தில், "ஐரிஸ்னு ஒரு பூவாம்டா. நம்ம கடல்கூட அப்டி நீலம் இல்ல." செப்டம்பரில் பட்டாளத்துத் தந்தி. அண்ணன் இல்லை.

புரொபசரிடம் மறுபடி கேட்டேன். "நரிவெங்காயமா இருக்கும்பா. பூவக் காட்டு, ஷீட் போடலாம்." செடியை உலர்த்தி ஒட்டும் அந்த ஷீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் அண்ணன் பெயர் வரும். எனக்கு அது போதும்.

குளிர் படாமல் பூக்காதாம். இந்த ஊரில் குளிருக்கு எங்கே போவது?

ஜன. 9. கடலூர் ஓ.டி. (முதுநகர்).
மாமா வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனி. டப்பாவில் காய்ந்த மணல், நடுவில் கிழங்கு. ஆறு வாரம் இருக்கட்டும் என்றேன். "பத்தரமா வெச்சிக்கிறேன் மாப்ள. வேலு அனுப்புனதாச்சே."
வீட்டில் அம்மா சாப்பிடவில்லை. "பூக்குமாடா?" என்று மட்டும்.

பிப். 20. கடலூர்.
திறந்தால் தண்ணீர். கிழங்கு கொழகொழ.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "வெறும் மணல்ல கெட்டுப்பூடும்னு அத்தக் கொட்டிட்டு, நொறுக்கு ஐசும் கல்லுப்பும் போட்டேன் மாப்ள. வஞ்சிரத்துக்குக்கூட இவ்ளோ உப்பு போட்டதில்ல. தெனம் மாத்துனேன்."
"நல்லா செஞ்சிருக்க மாமா" என்றேன். உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும்; கிழங்கு உறைந்தே செத்திருக்கும். பஸ்ஸில் புதுச்சத்திரம் வரை அழுகை.

பிப். 21. சிதம்பரம்.
வெயில். கிழங்கை அறுத்தேன். உள்ளே ஒரு துளி மட்டும் கெட்டி. லென்ஸில் மொட்டு, கடுகளவு. மகரந்தக் கேசரம் மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றேதான். நரிவெங்காயத்துக்கு ஆறு. சூலகம் இதழுக்குக் கீழே. ஐரிஸ்தான். நிறம் மட்டும் இல்லை, வெளிறிப் போயிருந்தது.

புரொபசரைக் கூப்பிட ஓடினேன். அவர் வருவதற்குள் கண்ணாடியில் குழைந்து ஈரக் கறை. "எங்கப்பா?" என்றார்.

பிப். 27. கடலூர்.
மாமா, அம்மா இரண்டு பேரும் வாசலிலேயே. "பூத்துதாடா?"
பூத்தது என்றேன்.
"என்னா கலரு?"
கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். மாமா முகம் கழுவப் போய்விட்டார்.
"அவன் பேரு எழுதுனாங்களா?" அம்மா கேட்டாள்.
எழுதினார்கள் என்றேன். வெற்று ஷீட் ஒன்றை லேபிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். அதில் நானே எழுதிய அவன் பெயர் மட்டும்.