நாலாம் நம்பர் புட்டி

லாஸ் ஏஞ்சல்ஸ், 1953

அன்புள்ள இசிதோரா,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் பாரில் ரம்மோடு கலக்கும் பாகுப் புட்டிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். முதலாளி தனியாகக் கலந்து வைப்பார். பக்குவம் எதிர் பாருக்குப் போய்விட்டதென்று அவருக்குச் சந்தேகம். நேற்று ரம் ருசி பார்க்க வந்தவர்களோடு நானும் இரண்டு வாய் குடித்தேன். அவர்கள் கிளம்பியதும், நாலாம் நம்பரில் ஒரு சொட்டு என் நாக்கில் விட்டார். உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறவனுக்கு வேலை போய்விடும்.

"என்னய்யா இருக்கு இதுல?"

"இனிப்பு, முதலாளி."

"கண்ணு ஏன் கலங்குது?"

"ரம்மு காட்டம்."

"இதுல ரம்மே இல்லையேய்யா."

"அப்போ முன்னாடி குடிச்சது இப்பத்தான் ஏறுது."

அவர் சிரிக்கவில்லை.

அறைக்கு வந்தால் நம் ஊர் ஃபவுஸ்தோவும் அதையே கேட்கிறான். "என்கிட்ட மட்டும் சொல்லுண்ணே." அவனிடமும் இனிப்பு என்றேன். இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுவேன்.

அதன் பெயரை உனக்கும் எழுத மாட்டேன். கிறிஸ்துமஸ் அப்பத்தில் இடித்துப் போடுவாயே, அதுதான். பதிலில் நீயும் எழுதாதே. இந்த வருஷம் அப்பம் வேண்டாம். ஊரிலிருந்து எங்களுக்கு வரும் பொட்டலங்களை முதலாளி மோந்து பார்க்கிறார். அடுப்படியில் நீ கட்டிக்கொள்ளும் தலைத்துணியை அனுப்பு; அவர் மூக்குக்கு அதில் புகைதான் தெரியும்.

ஃபவுஸ்தோ படியேறி வருகிறான், நிறுத்துகிறேன். துணியைத் துவைத்துவிடாதே.

பெலிசியானோ