ஏழு மணிக்கு இன்னாசியின் பெயர்

எனக்கு அம்மாவும் ஊருக்கு டீச்சருமான உனக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று சபையில் எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள். விசாரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. நான் அவ்வளவு சுகமில்லை. உன் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உன்னை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த இன்னாசி, சங்கு குளிக்கிறவன், பிடித்த கையை விடவில்லை. "டீச்சர் ஜெபத்துல இனி எம் பேர யாரு சொல்லுவா அண்ணாச்சி?" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டுப் போகச் சொல்வதில்லையா, அந்த மாதிரி ஒரு பேச்சு.

பக்கத்தில் நின்று அதைக் கேட்ட நம் சபைப் போதகர் ஐயர் அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிவித்துவிட்டார். டீச்சரம்மா வீட்டு ஜெபம் வழக்கம்போல மாலை ஏழு மணிக்கு நடக்கும், மகன் நடத்துவார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கோயிலுக்குள் வருகிற மகன்.

உன் ஜெபம் எனக்குத் தெரியாததல்ல. உன்னைப் பார்த்துக்கொள்ள வந்ததிலிருந்து தினமும் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன்தானே. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு பெயர்கள். உன்னிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும், பெஞ்சு வரிசைப்படி. முருகேசனை இயேசுவிடம் ஒப்படைக்க உனக்குக் கூச்சம் வந்ததில்லை, காதரையும் அப்படித்தான். இன்னாசி கத்தோலிக்கன் என்பதையும் நீ பொருட்படுத்தவில்லை. "இப்போ துபாயில இருக்கான் ஆண்டவரே" என்று முகவரி மாற்றத்தையும் தெரிவிப்பாய். சகலமும் அறிந்தவருக்கு அந்தத் தகவல் தேவைப்பட்டதா? வந்து உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர் தன் பெயர் வரும்போது ஆமென் சொல்ல மாட்டார். "உள்ளேன் டீச்சர்" என்பார், தலை நரைத்தவராக இருந்தாலும்.

முதல் வாரம் ஒளிந்துகொண்டேன். ஏழு மணி நெருங்கினால் கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவேன். கோயம்புத்தூருக்கு, உன் மருமகளும் பேத்தியும் இருக்கிற இடத்துக்கு, ரயில் டிக்கெட்டும் எடுத்தேன். அப்போதுதான் இன்னாசியின் மனைவி செலின் வந்தாள். நீ போனதிலிருந்து அவன் கடலுக்கே போகவில்லையாம். டீச்சர் வீட்டில் பேர் சொல்லாமல் முங்க மாட்டேன் என்று, வலையே இல்லாத மனுஷன், வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து சீட்டாடுகிறானாம்.

எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை அவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் அதிரவில்லை.

"உங்கள யாரு அண்ணாச்சி நம்பச் சொன்னா? பேரச் சொல்லுங்க. ஆஜர் எடுக்கதுக்கு நம்பிக்கை எதுக்கு?"

அப்படியானால் கோயம்புத்தூரிலிருந்தே சொல்கிறேன், ஆண்டவருக்கு அங்கேயும் காது கேட்கும் என்றேன்.

"அவருக்குக் கேக்கும். எங்களுக்குக் கேக்காதுல்லா."

டிக்கெட்டை ரத்து செய்தேன்.

அன்று முதல் தினமும் சொல்கிறேன். இன்னாசி கடலுக்குப் போகிறான். வாசலில் செருப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. நீ ஜெபித்தால் ஜெபம் மாதிரி இருக்குமாம், நான் சொன்னால் ரயில் வரப்போகிற அறிவிப்பு மாதிரி இருக்கிறதாம். முருகேசனின் கருத்து. ஆனாலும் ஒருநாள் தவறாமல் வருகிறான்.

போன வாரம் ஒருநாள், மதியமே கரை சேரவேண்டிய இன்னாசியின் படகு ஏழு மணிக்கும் வரவில்லை. செலின் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு இரண்டாம் பெஞ்சு. பெயரைச் சொன்னேன். அடுத்த பெயருக்குப் போக என்னால் முடியவில்லை, அம்மா. மறுபடி சொன்னேன். மறுபடியும். யாரிடம் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது. நடுவில் எப்போதோ என் கண்ணும் மூடியிருந்தது.

எஞ்சின் நின்றுபோய், இன்னொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. டீசல் வாடையோடு வாசலில் வந்து நின்ற இன்னாசி செலினைத்தான் ஏசினான். "ஏளா, போனு கடல்ல விழுந்துட்டு. அதுக்கு இப்படியா உக்காந்திருப்ப?"

"வாய மூடும். அண்ணாச்சி இன்னும் உம்ம பெஞ்சத் தாண்டல," என்றாள் செலின்.

நம்பியதால் நீ ஜெபித்தாய் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு ஒரு சந்தேகம். உனக்கும் இப்படித்தான் தொடங்கியதா? ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு, மறுநாள் அதை விட்டுவிடப் பயந்து, வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொண்டாயா? காய்ச்சலில் கிடந்தபோதும் ஏழு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாயே, அது விசுவாசமா, இதுவா? இரண்டும் ஒன்றுதானா?

உன் மருமகளை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

இன்னொரு சிக்கல். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் வழக்கமில்லை. இன்னாசியின் சபையில் உண்டு. கடைசியில் உன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று செலின் பிடிவாதமாக இருக்கிறாள். ஐயரிடம் கேட்டேன். அவர் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நம்புகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ஏழு மணிக்கு வீட்டில் இருப்பேன். எல்லோர் பெயரையும் சொல்லி, உன் பெயரையும் சொல்வேன். யாரிடம் என்று மட்டும் கேட்காதே.

போக வழி தெரிந்தும் போகாமல் இருக்கும்,
உன் மகன்