அம்மா சொன்ன சாட்சியும் நான் போட்ட மஞ்சள் கிரீஸும்

சரவணம்பட்டி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் கெசியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை பிராங்கும் குட்டி ஜெஃபினும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் அம்மா கையில்தான் இருக்கிறது, பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், வாட்ஸப்பையும் எனக்கு முன்னால் அவள்தான் பார்க்கிறாள். இது அவள் காதில் விழ வேண்டிய விஷயம்தான், ஆனால் என் வாயால் சொல்ல வரமாட்டேன் என்கிறது கண்ணு.

போன மாதம் உன் சித்தி மகள் நிச்சயத்துக்குப் போய்விட்டு வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனதே, அது மெக்கானிக் ஷாஹுல் செய்த தப்பு இல்லை. நான் செய்தது. ஊருக்குப் போவதற்கு நாலு நாள் முன்னால் அவன் ஒர்க் ஷாப்பில் புது பிரேக் பேட் போட்டு வாங்கினோம், இரண்டு நாளில் முன்பக்க இடது சக்கரத்தில் கீச் கீச்சென்று சத்தம். திரும்பக் கொண்டு போயிருக்கலாம். முப்பத்தி நாலு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மெஷின் பார்த்தவன் ஒரு கீச்சுச் சத்தத்துக்கு இன்னொருத்தனிடம் போய் நிற்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. அப்பா கார்ல கை வைக்காதீங்க என்று நீ போன தடவை வந்தபோதே சொல்லிவிட்டுப் போனாய். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரமாகப் பார்த்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் உள்ளே வெளியே நகர்வதற்கு இரண்டு இரும்புப் பின் இருக்கும், ரப்பர் உறைக்குள். உருவிப் பார்த்தால் ஷாஹுல் ஏதோ வெள்ளையாகக் கொஞ்சூண்டு தடவியிருந்தான். கஞ்சப்பயல், கிரீஸில் கூடவா மிச்சம் பிடிப்பான் என்று திட்டிக்கொண்டே அதைத் துணியால் துடைத்துப்போட்டு, மில்லிலிருந்து வரும்போது கொண்டுவந்த டப்பாவைத் திறந்து மஞ்சள் கிரீஸை வழிய வழிய அடைத்தேன். சத்தம் நின்றுபோச்சு. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அந்த மஞ்சள் கிரீஸ் பேரிங்குக்கு நல்லது. ரப்பரில் பட்டால் ரப்பரை ஊறவைத்து உப்பவைத்துவிடும். ரப்பர் இருக்கும் இடத்துக்கு சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டுமாம், அதுவும் லேசாகத்தான், பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டபோது சொன்னார்கள். மில்லில் இந்த வேலை இல்லை, எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. ரப்பர் உப்பி, அந்த இரும்புப் பின் நகராமல் இறுகி, மலை இறக்கத்தில் பிரேக் விடாமல் உரசி உரசிச் சூடாகியிருக்கிறது. வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் சக்கரத்திலிருந்து புகை, கருகல் நாற்றம், பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போகிறது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்கிறாள். முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்கத்து மண்ணில் உரசித்தான் நிறுத்தினேன். அவளைக் கொன்றிருப்பேன் கெசியா.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஷாஹுலிடம் விட்டோம். அவன் பின்னை உருவினான், ரப்பர் ஊறின கடலை மாதிரி உப்பியிருந்தது. விரலில் ஒட்டின மஞ்சளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்குள் அம்மா, நாலு நாளைக்கு முன்னால செஞ்ச வேலைக்கு இதுதான் லட்சணமா என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள். சரிங்கம்மா பார்த்துக்கறேனுங்க என்று மட்டும் சொன்னான். நான் டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அன்றைக்கே அம்மா உனக்குப் போன் போட்டாள், நீ கோபத்தில் நெட்டில் அவன் கடைக்கு ஒற்றை ஸ்டார் போட்டு எழுதினாய். இங்கே ஐடி கம்பெனிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வண்டி விடுகிறார்கள். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டாள், பொறுப்பில்லாத மெக்கானிக் கையிலிருந்து கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார் என்று, கடைப் பேரோடு. சபையே ஆமென் என்றது. நானும் சொன்னேன். இப்போது நம் சபைக்காரர்கள் ஒருத்தரும் அவனிடம் போவதில்லை. அம்மா பாவம், அவனுக்கு நல்ல புத்தி கொடுங்கள் என்று அவனுக்காகத் தினமும் ஜெபம் வேறு பண்ணுகிறாள், நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மனசு கேட்காமல் கடைக்குப் போனேன். மூன்று வண்டி நிற்கிற இடத்தில் ஒரு வண்டிதான் நின்றது. டீ வாங்கிக் கொடுத்தான். நான் மழையைப் பற்றிப் பேசினேன், ரோட்டைப் பற்றிப் பேசினேன், கிளம்ப எழுந்துவிட்டேன். அப்போது அவனே சொன்னான். "ஐயா, அந்த மஞ்சக் கிரீஸ் எங்க கடையிலயே இல்லீங்க. அம்மா முன்னால உங்களைச் சின்னதாக்க வேண்டாம்னுதான் அன்னைக்குப் பேசலீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருந்தனுங்க." கோபமே இல்லை அவன் குரலில். ரெண்டு அடி அடித்திருந்தால் தேவலை. நான் அதற்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன் அம்மணி, உன் அப்பன் லட்சணம் இதுதான்.

நீ எழுதினதை உடனே எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது, தப்பு எங்கள் பக்கம் என்று போடு, என் பேரையும் போடு. அம்மாவிடம் சொல்லத்தான் வழி தெரியவில்லை. தினமும் காப்பி குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று உட்காருகிறேன், அவள் முகத்தைப் பார்த்ததும் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்கிறேன். சபையில் சொன்னதைச் சபையில்தான் மாற்ற வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இரண்டு ஞாயிறு போய்விடும், இரண்டு தடவையும் எழுந்து நிற்கத்தான் பார்க்கிறேன். அதற்குள் அம்மா போனில் இதைப் பற்றி உன்னிடம் அழவில்லை என்றால், உன் அப்பா எழுந்திருக்கவில்லை என்று புரிந்துகொள். பிறகு என்னைக் கேட்காதே, நீயே அவளிடம் சொல்லிவிடு.

ஜெஃபினுக்கு என் முத்தம். மாப்பிள்ளை வண்டி பனியில் போகிறது, பிரேக்கில் சத்தம் வந்தால் தெரிந்தவனிடம் கொண்டுபோகச் சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மாவிடம் சொல்லும்போது, அப்பாவே எழுதினார் என்று மறக்காமல் சொல். அதுவாவது எனக்கு மிஞ்சட்டும்.

உன் அப்பா,
பாக்கியசாமி.