மேடா, பள்ளமா

18-11-91, திங்கள்

காலையிலிருந்து தூறல். நேற்று ஞாயிறும் ஓவர்டைம். கண் எரிச்சல். கம்பெனி பஸ் ஒரகடம் கூட்ரோட்டில் அரை மணி நேரம் நின்றது.

கூரை ஒழுகுவதால் என் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். விளக்கு மூடித் தகடு ஒரு பெட்டி கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது, மேலே கோடு இருக்கிறதாம். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கீறல். 'பேக்கிங்கில் ஏற்பட்ட சேதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேக்கிங் பிலோமினா வந்து, "நா துணி போட்டுத்தான் சார் அடுக்குனேன்" என்றாள். அடுத்த பெட்டியை இழுத்தேன்.

வாங்க: சோப்பு, மண்ணெண்ணெய், கண் சொட்டு மருந்து.

20-11, புதன்

மழை இல்லை. பிலோமினாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சூபர்வைசர் தணிகாசலத்தைக் கேட்டால், "நீங்க எழுதிக் குடுத்த ரிப்போர்ட்தானே சார்." எரிச்சலாக இருந்தது. அவன்மேலா, என்மேலா, தெரியவில்லை.

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் சில்லறையோடு ஒரு ரூபாய்க் காசு. விளிம்பிலிருந்து உள்ளே மெல்லிய கோடு. சட்டைப்பையில் தனியாக வைத்தேன். இத்தனை வருஷம் காசு சேர்த்ததில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்:

தேய்மானம்: உயரமான இடம் முதலில் மழுங்கும். சிங்கத்தின் முகம் போய்விடும்.
அடி, கீறல்: பள்ளம். பிறகு நடந்தது. மதிப்பில்லை.
அச்சுப் பிழை: காசு அடிக்கும் டையில் விரிசல் விட்டால் அதற்குள் உலோகம் ஏறும். காசில் கோடு மேடாக நிற்கும்.

21-11, வியாழன்

காலையில் வீட்டு ஜன்னலோரம் அந்தக் காசைப் பார்த்தேன். பள்ளம். வெறும் கீறல். செலவுக்கு வைத்துக்கொள் என்று மனைவி சரோஜாவிடம் கொடுத்தேன்.

"இன்னா பள்ளம்? நகத்த வெச்சுப் பாருங்க, மேடா தடுக்குது."

தடுக்கியது. காசை அரைச் சுற்றுத் திருப்பிப் பிடித்தால் அதே கோடு மேடாகத் தெரிகிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்துக் கண் ஏமாந்துபோகிறது. தகட்டைப் பார்த்த என் மேஜையையும் திருப்பித்தானே போட்டிருக்கிறார்கள்.

ஷிப்ட் தொடங்குமுன் ஸ்கிராப் தொட்டியில் அந்தத் தகடுகளைத் தேடினேன். பதினொரு தகடு கிடைத்தது. பதினொன்றிலும் கோடு ஒரே இடத்தில், ஒரே நீளம். நகம் தடுக்கியது. தகடு அடிக்கும் டையில் விரிசல். அவள் கைக்குப் போகும் முன்பே இருந்த கோடு. காசுக்குத் தெரிந்து வைத்திருந்ததைத் தகட்டுக்குச் செய்யவில்லை. ஒரே ஒரு தகடு பார்த்தேன், அதையும் தொட்டுப் பார்க்கவில்லை.

22-11, வெள்ளி

மேனேஜரிடம் சொன்னேன். டையைக் கழற்றச் சொல்லிவிட்டார். "அந்தப் பொண்ணு திங்கட்கிழமை வரட்டும். ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும், கஸ்டமருக்குப் போயிடுச்சு."

வெளியே வந்ததும் தணிகாசலம், "உங்க பேரும் கெடல. வுடுங்க சார்" என்றான். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, எழுதி வைக்கிறேன்.

கண் மருந்து இன்னும் வாங்கவில்லை.

24-11, ஞாயிறு

வெயில். மணிமங்கலம் போய் பிலோமினா வீட்டைத் தேடிப் பிடித்தேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். எல்லாம் சொன்னேன், திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றும் சொன்னேன்.

"அவ்ளோதானா சார்?"

தலையாட்டினேன்.

"கம்பெனி கேட்டாண்ட என் பையக் கொட்டிப் பாத்தாங்க. இன்னாத்தால கீறுனேன்னு கேட்டு வளையலக் கழட்டச் சொன்னாங்க. அத்தினி பேரும் பாத்துக்கினு நின்னாங்க. நீங்களும் அதே எடத்துல நின்னு, தப்பு உங்களுதுன்னு சொல்லுங்க. அப்பத்தான் உள்ள வருவேன்."

அவள் புருஷன் டீ கொண்டுவந்து வைத்தார். குடித்து முடித்துவிட்டு, சொல்கிறேன் என்றேன்.

நாளை ஏ ஷிப்ட். காலை ஏழு மணிக்கு கேட்டில் எல்லாரும் இருப்பார்கள். சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். 'தப்பு என்னுடையது. பிலோமினா எதையும் கீறவில்லை.' இரண்டே வரி. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது.