கூடு கட்டாத பறவை

ரங்கூன்,
மே 2008

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் புயலுக்கு முந்தின நாள் வந்தது. தீவு மோதிரம் மாதிரி வளைந்திருக்க, நடுவில் கடல் குளமாக நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அத்தனை பெரிய வளையத்தைப் பவளப்பூச்சிகளா கட்டின? நண்டு தென்னைமரம் ஏறும் என்று படித்ததும் மிஸ்பா, "அத்தா பொய் சொல்றாங்கம்மா!" என்று சிரித்தாள்.

எனக்கு அந்த வெள்ளைப் பறவையைப் பற்றித்தான் இன்னும் தெரிய வேண்டும். கூடே கட்டாமல் வெறும் கிளையில் ஒற்றை முட்டை இடுமென்றால், காற்றடிக்கும்போது என்ன செய்யும்? குஞ்சு எதைப் பிடித்துக்கொள்ளும்? ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்குமா? பார்த்து எழுதுங்கள்.

இங்கே நம் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துவிட்டது. மிங்கலாடோனில் இக்பால் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். தண்ணீருக்குத்தான் கொஞ்சம் அலைச்சல்.

வானிலை நிலையத்தில் இன்னும் ஒரு வருஷம் சமையலுக்கு இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மிஸ்பா எட்டிப் பார்த்து, "தம்பி பொறந்ததை எழுதிட்டியாம்மா?" என்றாள்.

எழுதிவிடுகிறேன். புயல் அடிக்கும்போதே, நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டான். பக்கத்து வீட்டு டோ மியாதான் பிள்ளையை ஏந்தி, மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நன்றாகப் பால் குடிக்கிறான்.

அந்த ஒரு வருஷம் வேண்டாம், மச்சான். பிள்ளை காதில் நீங்கள் சொல்ல வேண்டிய பாங்கை அண்ணன் சொல்லிவிட்டார். பேர் வைக்க அவன் அத்தா வருவார் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மனைவி