கண்ணை உறுத்தாத நிறம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீ அங்கே பதறுவாய், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி. யார் உயிருக்கும் ஆபத்தில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ படம் அனுப்பிச் சொன்னபடியே நம் முன்னறையை மாற்றியாயிற்று. சின்ன அறை, கண்ணை உறுத்தாத நிறமாகப் பூசினால் பெரிதாகத் தெரியும் என்றாய், அப்படியேதான் தெரிகிறது. அந்தப் பச்சைச் சுவர் போய் இப்போது பால் வெள்ளை, தரைவிரிப்பு மணல் நிறம், திரைச்சீலையும் அதே. அப்பாவின் கறுப்பு நாற்காலிக்கு நீ அனுப்பிய க்ரீம் உறையை மாட்டினேன், நடுவில் கிடக்கும் குட்டை மேசைக்கும் வெள்ளை அடித்துக் கொடுத்தார் பெயிண்டர். போகும்போது அவர், "இங்க உக்காரவே பயமா இருக்கும்மா, அழுக்குப் பட்டா நான்தான்னு கண்டுபிடிச்சிருவீங்க" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே போட்டிருந்தேன். உன் அப்பா மட்டும் நல்லா இருக்கு என்று சொன்னதோடு சரி.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. டீ டம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்து விளிம்புக்கு வெளியே வைத்தார், புது விரிப்பெல்லாம் டீ. நாற்காலியில் உட்காரப் போய் அதன் கைப்பிடி மேல் உட்கார்ந்தார். மகள் ஆசைப்பட்டு அனுப்பின சாமான்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பதிலுக்குப் பதில் பேசுகிற மனிதர் குனிந்து விரிப்பைத் துடைக்க ஆரம்பித்தார், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்தக் குட்டை மேசையில் இடறி, முழங்கை தரையில் மோத விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினால், "வீட்ட ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கி வெச்சிருக்க, எது எங்க இருக்குன்னே தெரியல" என்று என் மேல் பாய்ந்துவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் துவைத்த கருநீலத் துண்டு ஒன்று காயாமல் இருந்தது, அதை அவர் நாற்காலி முதுகில் போட்டிருந்தேன். சாயங்காலம் வந்தவர் நேராக நடந்து போய் டக்கென்று உட்கார்ந்தார். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் நாற்காலியைக் கண்டுபிடித்தாரோ என்று தோன்றியது. மறுநாள் வேண்டுமென்றே துண்டை எடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு வந்து, தேடினார் சின்னு. தன் வீட்டில் தன் நாற்காலியைத் தேடினார்.

கண்ணு தெரியலையா என்று கேட்டதற்கு முதலில் இல்லவே இல்லை என்றார், அப்புறம் வெளிச்சம் போதவில்லை என்றார், கடைசியில்தான், "நேரா பாத்தா தெரியுது, ரெண்டு பக்கமும்தான் புகை மாதிரி இருக்கு. வெள்ளை மேல வெள்ளையா இருந்தா பிரிச்சுப் பாக்க முடியல" என்று வந்தது. எத்தனை நாளாக என்றதற்கு எழுந்து போகப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் அவருக்காகப் பயப்படவில்லை. அவர் ஓட்டுகிற ஸ்கூல் வேன்தான் கண் முன்னால் நின்றது, அதில் ஏறி இறங்குகிற வாண்டுகள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டினீர்கள் என்றால், "அந்த ரோடு எனக்கு மனப்பாடம்" என்கிறார். "ரோடு மனப்பாடம், குறுக்க ஓடி வர்ற பிள்ளையும் மனப்பாடமா?" என்று கத்திவிட்டேன். அப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷத்த மட்டும் ஓட்டிக்கறேன். சின்னு காதுல போட்டுராத, தான் சொன்ன கலர்லதானே அப்பா விழுந்தாருன்னு நொந்து போயிடுவா, வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா" என்றார். உனக்குச் சொல்ல மாட்டேன் என்பதற்கு மட்டும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போன சமயம் வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கூட வேலை பார்க்கிற இன்னொரு டிரைவர் நெட்டையை போனில் கூப்பிட்டு, இன்றைக்கு நீ ஓட்டு என்று வரச் சொன்னேன். குளித்து வந்தவர் சாவியைத் தேடி அறை முழுக்கத் தடவினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குடு என்றார், தர மாட்டேன் என்றேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. நெட்டை வந்ததும் அவர் கண் முன்னாலேயே சாவியைக் கொடுத்தேன். அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, நீங்க வண்டிய ஒதுக்கறப்ப தடுமாறறத நானும் கவனிச்சேன், சொல்ல வாய் வரல" என்று சொல்ல, உன் அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு எப்படியோ பேசிக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறதாம். போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டியை மட்டும் இனி தொடவே கூடாது என்றார் அந்த டாக்டரம்மா. வேன் முதலாளியிடம் அப்பா தானே போய்ச் சொன்னார், நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அதோடு என்னிடம் பேச்சு நின்றது. தட்டு வைத்தால் சாப்பிடுவார், மருந்துக்கு அண்ணாந்து காட்டுவார், அவ்வளவுதான். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும், இருந்தும் எதையோ திருடியவள் போல என் வீட்டிலேயே பதுங்கிப் பதுங்கி நடக்கிறேன். கோபமும் போகவில்லை. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நின்றிருப்போம்?

பெயிண்டரைத் திரும்ப வரவழைத்து மேசைக்கும் கதவு நிலைக்கும் கரும்பழுப்பு அடித்தாயிற்று, நாற்காலி உறையையும் கழற்றிவிட்டேன். சுவர் அப்படியே இருக்கட்டும், அதற்கு முன்னால் எது இருந்தாலும் அவருக்கு இப்போது பளிச்சென்று தெரிகிறது. நீ உன்னை நொந்துகொள்ளாதே. பழைய அறையில் பழகின தடத்தில் நடந்தே அவர் என்னை இன்னும் எவ்வளவு நாள் ஏமாற்றியிருப்பாரோ தெரியாது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதாம், ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாதாம், பெற்ற பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை ஒரு கண்ணுக்கு மருந்து விட்டதும், மூடின கண்ணோடு அவராகவே பேசினார். "சின்னுக்கு எழுது. ஒண்ணு விடாம எழுது" என்றார். நான் அடுத்த கண்ணுக்கும் விட்டேன்.

இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு, வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. அவருக்கு போன் செய்யும்போது அழாதே, சும்மா வழக்கம்போல வம்பிழு. நீ கண்ணும் காலும் சுகமாக, நினைத்ததெல்லாம் கைகூடி, நெடுநாள் வாழ வேண்டும். கீழே அவரும் எழுத வேண்டும் என்கிறார், இடம் விட்டிருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

சின்னு, தள்ளிப் போடாதே. நான் தள்ளிப் போட்டேன்.
அப்பா